இடது பின்கதவு

பின்லாந்துக்காரன் ரெய்னோ காங்கஸ் விக்சம் கார்த் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இடது பின்கதவை மாட்டினான். வலது பின்கதவுக்கு இன்னொருத்தன், முன்கதவுகளுக்கு வேறு ஆட்கள். அங்கே கார் வந்து நிற்பதில்லை. தெருவில் நடந்து போகிற ஆளைப்போல மெதுவாகக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். அது போவதற்குள் கதவைத் தூக்கிக் கீலில் பொருத்தி, திருகுகளை முடுக்கி, ஒருமுறை சாத்திப் பார்க்க வேண்டும். சத்தம் சரியாக இருந்தால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. சரியில்லாவிட்டால் ஒரு வட்டம்.

அந்தக் காரின் பெயர் லிங்கன் காண்டினென்டல். அவன் வேலைக்குச் சேர்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடக் கடைசியில்தான் புது உருவம் வந்திருந்தது. நீளமாக, தட்டையாக, கருப்புப் பெட்டி மாதிரி ஒரு வண்டி. முன்கதவு எல்லாக் கார்களையும் போல முன்பக்கக் கீலில் திறக்கும். பின்கதவு பின்பக்கக் கீலில் எதிர்ப்புறமாகத் திறக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் அலமாரி திறந்து கிடப்பது போலிருக்கும். வங்கிக்காரர்களும் பெரிய டாக்டர்களும் வாங்கினார்கள். மாட்டியவர்கள் அதில் ஏறிப் போவது என்றால் சாவு வீட்டுக்காரர்களாக ஏறினால்தான் உண்டு. சவ அடக்கம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் குடும்பத்தாருக்கென்று ஒன்றிரண்டு காண்டினென்டல் வைத்திருந்தன.

ரெய்னோ அப்படித்தான் முதலில் ஏறினான். அறுபத்து மூன்று மார்ச் மாதம், மகள் இர்யாவை அடக்கம் செய்த அன்று. நாலரை வயது. மூளைக்காய்ச்சல், இரண்டே நாள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை இல்லை. மனைவி எல்மா அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கருப்புக் கோட்டுப் போட்ட ஆள் வெளியிலிருந்து இடது பின்கதவைச் சாத்தினான். கதவு நன்றாகச் சாத்திக்கொண்டது. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. தான் மாட்டினதுதான் என்று ரெய்னோவுக்குத் தெரிந்தது. அந்த நாளில் அவனுக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

மூன்று நாள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனான். கதவின் உள்பக்கத் தகரத்தில் எதையாவது கிறுக்குவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். பத்தடி தள்ளினால் தோல் உறை வந்து மூடிவிடும், அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள். ஒருவன் போன வாரம் பிடித்த மீனின் எடையை எழுதுவான். ஒருவன் மேற்பார்வையாளனின் அம்மாவைப் பற்றி எழுதுவான். பாதிப்பேர் பெண்களின் பெயரை எழுதுவார்கள், அதிலும் மனைவியின் பெயராக இருக்காது. ரெய்னோ அதுவரை எதையும் எழுதினதில்லை. அன்றைக்குக் கீலுக்குப் பக்கத்து மூலையில் இர்யா என்று எழுதினான். எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. கோடு போடப் போன கை எழுதிவிட்டது. கார் நகர்ந்தது. அடுத்த கதவைத் தூக்கினான்.

வீட்டில் அந்தப் பெயர் நின்றுபோயிருந்தது. எல்மா துணிமணிகளையெல்லாம் மடித்துத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் ஏலக்காய் ரொட்டி சுட்டாள், இருவரும் காப்பியோடு சாப்பிட்டார்கள். அவள் சொல்லட்டும் என்று அவன் இருந்தான். அவன் சொல்லட்டும் என்று அவளும் இருந்திருக்கலாம். ஒரு வாரம் சொல்லாமல் இருந்த பெயரை இரண்டாவது வாரம் சொல்வது கடினம். ஒரு வருடம் போய்விட்டால் அது அந்த வீட்டுக்குள் இல்லாத சொல்லாகிவிடுகிறது. அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எல்மா ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவளிடம் அது இன்னும் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

அடுத்த மார்ச்சில் இன்னொரு கதவில் எழுதினான். அந்த வருடம் கார் மூன்று அங்குலம் நீண்டிருந்தது. வளைந்திருந்த பக்கக் கண்ணாடி தட்டையாகியிருந்தது. அறுபத்தாறில் கண்ணாடி மறுபடி வளைந்தது, இரண்டு கதவு மட்டும் உள்ள வண்டியும் வந்தது. இரண்டு கதவு வண்டியில் அவனுக்கு வேலை இல்லை, அது வரும்போது கையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். வருடத்துக்கு ஒரு கதவு. மற்ற நாட்களில் எழுதுவதில்லை. அழுததும் இல்லை.

எழுபதாம் வருட வண்டியில் பின்கதவு திரும்பிவிட்டது. ஊரில் உள்ள எல்லாக் கார்களையும் போல முன்பக்கக் கீல். அடிச்சட்டமே வேறு. முதல் வாரம் அத்தனை பேரும் பழைய பக்கமாகவே கதவைக் கொண்டுபோய் விரலை நசுக்கிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் பழகின கை. ரெய்னோவும் இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு மாட்டினான். மார்ச் வந்தபோது கீலுக்குப் பக்கத்து மூலையில் எழுதினான். கீல் இடம் மாறினதால் மூலையும் இடம் மாறிவிட்டது என்பதை அவன் யோசிக்கவில்லை. அது இப்போது கண்ணாடி ஏற்றும் பொறியைப் பொருத்துகிற டெல்பர்ட் ஹாஸ்கின்ஸின் மூக்குக்கு நேராக இருந்தது.

டெல்பர்ட் கென்டக்கியிலிருந்து வந்தவன். வாய் ஓயாது.

"ஏய் பின்லாந்து, யாருப்பா அந்த இர்யா?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவ பேரையா இவ்ளோ அழகா எழுதுவாங்க? சும்மா சொல்லு, உங்க ஊர்ப் பொண்ணா?"

"வேலையப் பாரு."

"பாத்தியா, காது செவக்குது. பத்து வருஷமா உன் வாய்ல பத்து வார்த்தை கேட்டதில்ல. உனக்குள்ள இவ்ளோ இருக்கா?"

ரெய்னோ வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஜூலையில் தொழிற்சங்கத்தின் கோடை விருந்து ஏரிக்கரையில் நடந்தது. டெல்பர்ட் கையில் மூன்றாவது பீரோடு எல்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். ரெய்னோ தட்டில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா எல்மா, உன் வீட்டுக்காரரை நம்பாதே. கதவுல பொம்பளை பேர எழுதி அனுப்புறார்."

"இவரா? இவருக்குக் கையெழுத்துப் போடவே கை வலிக்குமே," என்றாள் எல்மா.

"என் கண்ணால பாத்தேன். இர்யான்னு. கேட்டா காது செவக்குது."

எல்மா சிரித்துக்கொண்டிருந்த முகத்தை அப்படியே வைத்திருந்தாள். ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பாதியைத் தட்டில் வைத்தாள். மேசையில் இருந்தவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

திரும்பி வரும்போது வால்ட் லேக் திருப்பத்தில் எல்மா கேட்டாள்.

"எந்தக் கதவு?"

"இடது பின்கதவு."

"எத்தனை?"

"எட்டு. வருஷத்துக்கு ஒண்ணு."

"அதெல்லாம் எங்க இருக்கு இப்ப?"

"தெரியாது. வித்துட்டாங்க. கலிபோர்னியா, டெக்சாஸ். எங்கெங்கேயோ."

"யார் யார் வீட்லயோ நிக்குது."

அவன் வண்டியை ஓட்டினான்.

"எனக்கு ஒண்ணுகூட வைக்கல நீ," என்றாள் எல்மா. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனவன் உப்பு வாங்க மறந்துவிட்டான் என்பது போலச் சொன்னாள். பெயரை அப்போதும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது, "எனக்கு ஒண்ணு வேணும்," என்றாள்.

தொழிலாளர் விலையில் வாங்கினாலும் அது அவர்களுக்கு எட்டாத கார். எல்மா ஒன்றரை வருடம் இரண்டு வேளைச் சமையலறை வேலை பார்த்தாள். ரெய்னோ சனிக்கிழமைகளும் போனான். எழுபத்திரண்டு மார்ச்சில் அடர்ந்த நீலத்தில் அவர்கள் வண்டி வரிசையில் ஏறியது. வேலை செய்கிறவன் அங்கே செய்த காரையே வாங்கினால் அதன் முகப்பில் சீட்டு ஒட்டியிருக்கும். வரிசை நெடுக ஆட்கள் தகவல் சொல்லி அனுப்புவார்கள், அந்த ஒரு வண்டியை மட்டும் ஒவ்வொருவனும் சொந்த வண்டி போலப் பார்ப்பான். இதற்குள் இர்யா யார் என்று டெல்பர்ட்டுக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒருநாள் வந்து, "நான் ஒரு கழுதை, பின்லாந்து," என்றான். 

நீல வண்டி வந்தபோது டெல்பர்ட் தன் இடத்திலிருந்து கத்தினான். "நிதானமா எழுது. கண்ணாடிய நான் அடுத்த கட்டத்துல போட்டுக்கிறேன்."

ரெய்னோ கதவை மாட்டினான். சாத்திப் பார்த்தான். நல்ல சத்தம். பென்சிலை எடுத்து மூலையில் வைத்தான். முனை தகரத்தில் பட்டுக்கொண்டு நின்றது. இது வீட்டுக்கு வருகிற வண்டி என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. ஆட்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் நகர்ந்தது, அவனும் கூடவே நாலைந்து அடி நடந்தான். பிறகு சரியாக இருக்கிறது என்பதற்கான கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மறுநாள் யாருக்கோ போகிற பழுப்பு வண்டி ஒன்றில் எழுதினான். அதில் கை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்த காரை எல்மா சுற்றிப் பார்க்கவில்லை. நேராக இடது பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். உறைமேல் கையை வைத்தாள்.

"இங்கதானே?"

"ம்," என்றான் ரெய்னோ.

அன்றிலிருந்து அவள் முன்னால் உட்காரவில்லை. மளிகைக்கும் தேவாலயத்துக்கும் அவன் ஓட்ட, அவள் பின்னால். எதிர்வீட்டுக்காரன் ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றினான். "சீமாட்டி எங்க கிளம்பியாச்சு? டிரைவருக்குச் சாப்பாடு போட்டீங்களா?" எல்மா கையசைப்பாள். மற்றவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்தார்கள். இவர்கள் எடுக்கவில்லை. வரிசையில் காண்டினென்டல் மாறிக்கொண்டே போனது. எழுபத்தைந்தில் கூரைத் தூண் தடித்தது. அடுத்தடுத்த வருடங்களில் முகப்பு உயர்ந்து கோயில் வாசல் போலானது. எண்பதில் ஒரேயடியாகச் சுருங்கியது. எண்பத்திரண்டில் இன்னும் சுருங்கியது. "அடுத்த வருஷம் சட்டைப் பைல போட்டுட்டுப் போய்டலாம்," என்றான் டெல்பர்ட். கதவின் கனம் குறைந்துவிட்டது, தூக்கும்போது தோளுக்குத் தெரிந்தது. மார்ச்சில் அதிலும் எழுதினான்.

வீட்டுக் கதவில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் கை அந்த உறைமேல் இருப்பது தெரியும். இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவான். சொன்னால் அவளிடம் இருக்கிற ஒன்றும் போய்விடும். சொல்லாமல் வண்டியை உள்ளே விடுவான்.

எண்பத்தாறு ஜனவரியில் எல்மா உறைபனி ஒட்டிக் கிடந்த கண்ணாடியைப் பொத்தானை அழுத்தி இறக்கப் பார்த்தாள். உள்ளே ஏற்றும் பொறியின் பல் உடைந்து கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. உறையைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

"வெளில யார்கிட்டயும் விடாதே. நீயே பாரு," என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள மூடிடாத," என்றாள்.

அன்று அவனுக்கு வேலை இல்லை, பிற்பகல் முழுவதும் நேரம் இருந்தது. கார் கொட்டகையில் உறையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்தான். வெறும் தகரம், பற்றவைத்த புள்ளிகள், அவன் போட்ட ஒரு கோடு. மெழுகுப் பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு சின்னப் பெயர். கொஞ்சம் தூசியைத் தேய்த்துவிட்டால் பழையது போலவே இருக்கும், எல்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. பென்சிலை எடுத்தான். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். கால் மரத்துப் போகும்வரை அப்படியே இருந்தான். எழுந்தபோது வாசலில் எல்மா கோட்டோடு நின்றிருந்தாள்.

கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தகரத்தைத் தடவினாள்.

"எங்க?"

"எழுதல."

"இதுல எழுதலையா?"

"இதுல மட்டும் எழுதல."

"ஏன்?"

"தெரியல. முடியல."

எல்மா நிமிர்ந்தாள். அவன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்.

"இப்ப எழுதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பதினாலு வருஷம் இது மேல கைய வச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

அவள் பின் இருக்கையின் ஓரத்தில், கால் இரண்டும் வெளியே இருக்க உட்கார்ந்தாள்.  எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். போனால் தடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

"இர்யாவுக்குக் காரே ஆகாது," என்றாள் எல்மா.

ரெய்னோ மறுபடி வாளியில் உட்கார்ந்தான்.

"ஏறி உக்காந்தா வாந்தி. எங்க அண்ணன் புது வண்டி எடுத்துட்டு வந்தானே, அதுல ஏத்தின அஞ்சாவது நிமிஷம்."

"சீட்டு பூரா," என்றான் ரெய்னோ. 

"அவன் மூஞ்சியப் பாத்தியா அன்னிக்கு?"

"பாத்தேன். அழுதுடுவான்னு நெனச்சேன்."

"கவுனெல்லாம் பாழு. நீலக் கவுன்."

"பச்சை."

"நீலம், ரெய்னோ. நான்தானே தச்சேன்."

"பச்சைதான். காலர் வெள்ளை."

"காலர் வெள்ளை. கவுன் நீலம். தேவாலயத்துல கொடுத்ததுல அது இருந்துது, எனக்குத் தெரியாதா?"

வாசல் திறந்தே கிடந்தது, பனி உள்ளே அடித்தது. எல்மா எழுந்து போய் அதை இழுத்துச் சாத்தினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"பச்சைன்னு எப்டிச் சொல்ற? எங்க பாத்த?"

"ஏரிக்குப் போனப்ப. போட்டுட்டு ஓடினா."

"அது வேற. அது உங்கம்மா வாங்கினது," என்றாள் எல்மா. "சரி, அதையும் சொல்லு."