எட்டாவது வரியில் சிவப்பு வட்டம்

கெல்சென்கிர்ச்சனில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியின் மூன்றாம் மாடிக் குசினியில் ஆறு மின்னடுப்புகள் இருந்தன. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுவார்கள். சமைப்பது பதினொரு குடும்பங்கள். எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர்காலத்திலிருந்து அடுத்த சித்திரை வரைக்கும் அந்த ஆறில் ஓர் அடுப்பு எனக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல. நான் சமைத்த அடுப்பில் மற்றவர்கள் சமைக்க மாட்டோம் என்றார்கள்.

இது எப்படி வந்தது என்பதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும். அந்தக் காலத்து நாட்குறிப்புகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அதில் ஐந்து பக்கங்கள் தேதி மட்டும் எழுதி வெறுமையாகக் கிடக்கின்றன. நாட்குறிப்பில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையை எழுதவும் துணிவில்லை. ஒரே அறையில் நாலு பெண்கள் இருந்தோம், யாரும் எடுத்துப் படிக்கலாம்.

நான் ஊரில் பதினேழு வருடம் பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமாதாக இருந்தவள். ஜெர்மனிக்கு வந்தபோது வயது நாற்பத்தாறு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதியும் இல்லை. அந்த ஆண்டு மாசியில் எங்கள் மாடியில் ஓர் அக்கா இறந்துபோனார். மாதவிலக்கு நின்றுபோன வயதில், எட்டு மாதமாக அவருக்கு இரத்தம் போயிருக்கிறது. வைத்தியரிடம் நாலு தடவை போனார். நாலு தடவையும் மொழிபெயர்க்கப் போனவர் மருமகன். மருமகனிடம் மாமி எதைச் சொல்வார்? "களைப்பாய்க் கிடக்கு" என்றார். அவரும் களைப்பு என்றே சொன்னார். வைத்தியரும் இரும்புச்சத்துக் குளிசை எழுதினார். ஐந்தாம் தடவை நான் கூடப் போனேன். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். பரவிவிட்டது. இதே நகரத்தில் ஜெர்மன் பெண்கள் ஆண்டுக்கு ஒரு தடவை போய், இரண்டு நிமிடம் படுத்து, பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கவிட்டு, நோய் வருமுன்பே அறிந்துகொள்கிறார்கள். இதை அறிந்த அன்று நான் சாப்பிடவில்லை. துக்கத்தால் அல்ல. கோபத்தால்.

தேவாலயத்து உதவி நிலையத்தில் ஒரு ஜெர்மன் பெண் இருந்தார். என் வயதுக்காரி. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பெண் வைத்தியரைப் பிடித்தார். புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் பெண்களைப் பார்க்க அந்த வைத்தியர் சம்மதித்தார். ஒன்றுதான் தேவை: ஒவ்வொருத்திக்கும் அரசாங்கத்தின் சமூக உதவிக் கந்தோரிலிருந்து நோயாளிச் சீட்டு. அது இருந்தால்தான் வைத்தியரின் பணத்தை அரசாங்கம் கட்டும்.

கந்தோர் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: "யாருக்கு நோய்?"

"ஒருவருக்கும் இல்லை. இல்லை என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்."

"நோயில்லாதவருக்கு நோயாளிச் சீட்டு இல்லை."

அப்படியானால் நோய் வந்த பிறகு வரவா என்று கேட்டேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். திரும்பி வந்து பெண்களுக்குச் சொன்னேன்: வயிற்றுவலி என்று சொல்லுங்கோ. அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பெண்கள் வரிசையில் நின்று, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, பாடமாக்கிய அதே ஜெர்மன் வசனத்தைச் சொன்னார்கள். ஐந்தாவது ஆளில் அவர் பேனையை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உங்கள் விடுதியில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் உதவி நிலையத்துப் பெண் நேரில் போய், மேலதிகாரியிடம் உரத்துப் பேசித்தான் சீட்டு வந்தது.

கந்தோரைவிடக் குசினி கடினமாக இருந்தது. அந்த ஒன்பது பேரை வரிசைக்குக் கொண்டுவருமுன் அங்கேதான் கதைக்கவேண்டியிருந்தது.

"அக்கா, நோவில்லாத இடத்தைத் தோண்டிப் பாத்து வருத்தத்தை எழுப்புறதே?" என்றாள் ஒருத்தி.

"வருத்தக்காரரை முதல் பிளேனில ஏத்தி அனுப்பிப்போடுவாங்களாம்," என்றாள் இன்னொருத்தி.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்? பேரைச் சொல்லு, எழுதுவம்."

"அய்யோ, அக்கா கொப்பியை எடுத்திட்டா."

மூன்று மாதம் இப்படியே கதைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டு, மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு. ஒன்பது பேர் சம்மதித்தார்கள். பத்தாவதாக என் பெயரையும் எழுதினேன். நான் படுக்காத மேசையில் அவர்களைப் படுக்கச் சொல்ல முடியாது.

இனி என் பிழை. ஊரில் எங்கள் சுகாதார நிலையத்தின் சுவரில் எப்போதும் ஓர் அட்டவணை தொங்கும். கர்ப்பிணிகளின் பெயர், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. வந்தவளுக்கு நீலக் கோடு, திரும்ப வரவேண்டியவளுக்குச் சிவப்பு வட்டம். ஒருபக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமான பென்சில் ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்திருந்தேன். எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்று பார்த்து, குசினிச் சுவரில், கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய அட்டவணையை ஒட்டினேன். பத்து வரி. பெயர், அறை இலக்கம், தேதி. இவ்வளவு நேர்த்தியான அட்டவணையை அந்தக் கட்டடத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமையும் இருந்தது.

எல்லோரும் போய் வந்தோம். மூன்று கிழமையில் முடிவுகள் வந்தன. ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை. எட்டாவது வரியில் இருந்தவளைத் திரும்ப வரச் சொன்னார் வைத்தியர். அவள் கடைசி அறையில் கணவனோடு இருந்தவள், வயது முப்பத்தொன்று. துடைத்தெடுத்ததில் மாறிய உயிரணுக்கள் இருக்கின்றன. புற்றுநோய் அல்ல, ஆனால் விட்டால் ஆகக்கூடும். சிறு துண்டு வெட்டி எடுத்தால் போதும் என்றார். அவளுக்கு அறையில் வைத்து விளக்கமாகச் சொன்னேன். பிறகு, பதினேழு வருடப் பழக்கத்தில், குசினிக்குப் போய் ஒன்பது வரியில் நீலக் கோடு போட்டேன். எட்டாவது வரியில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினேன். மாலை நாலு மணி.

ஏழு மணிக்குள் மாடி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஊரில் அந்த வட்டத்துக்குத் திரும்ப வா என்று மட்டும்தான் அர்த்தம். இங்கே மாசியில் செத்த அக்காவை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அவளுடைய சட்டியை அடுப்பிலிருந்து யாரோ இறக்கி நிலத்தில் வைத்திருந்தார்கள். அவளுடைய கோப்பையில் பால் குடித்த பிள்ளையை அதன் தாய் இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தாள். இது தொற்றாது என்று நான் நாலு தடவை சொன்னேன். "ஓம் அக்கா, ஓம்," என்றார்கள். சட்டி நிலத்திலேயே இருந்தது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவளுடைய தங்கை பொன் என்ற நகரத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தாள். அந்தத் தங்கைக்கு எங்கள் நகரத்திலேயே ஒரு மாப்பிள்ளை பேசி, தாலிக்குப் பொன்னுருக்க நாளும் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தமக்கை எங்கள் குசினியில் மூன்றாவது அடுப்பில் சமைப்பவள். அவள் அட்டவணைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"இது பரம்பரையில வாற வருத்தமோ என்னவோ. தங்கச்சிக்கும் இருக்குமோ ஆர் கண்டது. ஒருக்கால் யோசிக்கத்தான் வேணும்."

அன்றிரவே எட்டாவது வரிக்காரியின் கணவன் வந்து என் அறை வாசலில் நின்றான்.

"ஆரைக் கேட்டு எழுதினனீங்கள், அக்கா?"

"நான் செய்தது பிழை. ஆனால் அவள் போகோணும்."

"அவள் வரமாட்டாள்."

"விட்டால் என்ன ஆகும் எண்டு தெரியுமே?"

"தெரியும். போனால் என்ன ஆகும் எண்டும் தெரியும். கல்யாணம் குழம்பும். மாமி ஊரில இருந்து எனக்குத்தான் கடிதம் எழுதுவா. முதல் அது முடியட்டும்."

"அது எப்ப?"

"சித்திரையில."

ஆறு மாதம். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இருப்பதை முகூர்த்த நாள் வரும்வரை காத்திருக்கச் சொன்னான். அவன் கெட்டவனல்ல. அவளுக்குக் காய்ச்சல் என்றால் அடிக்கடி குசினிக்கு ஓடித் தண்ணீர் சுட வைத்துக் கொடுப்பவன். அதனால் என் கோபம் குறையவில்லை, கூடியது. கெட்டவனென்றால் பொலிசைக் கூப்பிடலாம்.

குறித்த நாளில் அவள் வரவில்லை. வைத்தியரின் கூடத்தில் நானும் உதவி நிலையத்துப் பெண்ணும் ஒரு மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். அடுத்த நாள் நிலவறையில், ஆண்கள் எட்டிப் பார்க்காத துணி துவைக்கும் இடத்தில், அவளைப் பிடித்தேன்.

"பயமே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"வெட்டுறதுக்கு மயக்க மருந்து குடுப்பினம். ஒண்டும் தெரியாது."

"அதுக்கில்லை அக்கா. எனக்கு அந்தக் குசினிக்குத்தான் பயம். சாகிறது ஒருக்கால். குசினிக்கு ஒரு நாளைக்கு மூண்டு தரம் போகோணும்."

அவள் ஈரச் சீலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். அழவில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. உடனே அந்த அடிக்கு உரியவள் யார் என்பதும் தெரிந்தது. அடிமட்டம் வைத்து அந்தப் பயத்தைச் சுவரில் ஒட்டியவள் நான்.

அன்று மத்தியானம், ஆறு அடுப்பும் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், குசினிக்குப் போனேன். மாப்பிள்ளையின் தமக்கை இருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டு அட்டவணையை மேலும் கீழும் பார்த்தேன். கொப்பியைத் திறந்து ஒப்பிட்டேன். பிறகு உரக்கச் சொன்னேன்:

"அட, வரி மாறிப்போச்சு. இந்த வட்டம் எட்டாவதுக்கு இல்லை. பத்தாவதுக்கு."

பத்தாவது வரியில் என் பெயர் இருந்தது. எட்டாவது வட்டத்தை அழிறப்பரால் தேய்த்து நீலக் கோடு போட்டேன். பத்தாவதின் நீலக் கோட்டை அழித்துச் சிவப்பு வட்டம் போட்டேன்.

பிறகு மாப்பிள்ளையின் தமக்கை சொன்னாள்:

"அக்காவும் பிழை விடுவா எண்டு இண்டைக்குத்தான் பாத்தம்."

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அவளுக்காக அல்ல. எத்தனையோ நாள் அவர்களுடைய தேதியையும் எழுத்துப் பிழையையும் திருத்தியவள் ஒருநாள் தவறினாள் என்பதில் வந்த நிம்மதி. அதனால்தான் ஒருவரும் சந்தேகப்படவில்லை. எனக்குக் கல்யாணம் பேச ஒரு தங்கையும் இல்லை, மகளும் இல்லை. அந்த வட்டம் என் தலையில் விழுந்து ஒன்றும் உடையப்போவதில்லை.

அன்று மாலை எட்டாவது வரிக்காரியின் கணவனிடம் போய், "எனக்கு ஒப்பரேசன். ஆஸ்பத்திரியில ஐஞ்சு நாள். துணைக்கு ஒரு பொம்பிளை வேணும். உங்கட மனிசியை அனுப்புங்கோ," என்றேன். அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். ஒப்பரேசன் உண்மையில் யாருக்கு என்று விளங்கிக்கொண்டான்.

"ஆருக்கும் தெரியவராதோ?"

"நீர் வாயை மூடினால் தெரியவராது."

ஊரில் ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் பக்கத்தில் பாய் விரித்துத் துணைக்குப் படுப்பார். ஜெர்மன் ஆஸ்பத்திரிகளில் அப்படி விடமாட்டார்கள். எங்கள் குசினியில் அது ஒருவருக்கும் தெரியாது. பார்க்க வருவார்களே என்று பயந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி இருந்தது பக்கத்து நகரத்தில். அகதிகள் எழுத்து அனுமதி இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. எங்களை அடைத்துவைத்த அந்த விதி எங்களுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். வைத்தியரின் கடிதத்தைக் காட்டி அவளுக்கு மட்டும் அனுமதி எடுத்தோம்.

இருவரும் ஒரே காரில் விடுதியிலிருந்து புறப்பட்டோம். எல்லோரும் யன்னலில் நின்று எனக்குக் கை காட்டினார்கள். உதவி நிலையத்துப் பெண் என்னைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த ஐந்து நாளும் நான் ஒரு தையல் அறையில் ஒளிந்திருந்தேன். கடைக்குப் போக முடியாது. எங்கள் ஆட்கள் கண்டுவிடுவார்கள். நோயில்லாத குற்றத்துக்கு மறைந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பைத் திறந்து தேதியை எழுதி, மூடினேன். ஐந்தாம் நாள் தொலைபேசியில் சொன்னார்கள்: வெட்டிய இடத்தின் விளிம்பில் ஒன்றுமில்லை, முழுவதும் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினேன். அவள் வெளிறிப்போய்ப் பின்னால் வந்தாள்.

"பாவம், பிள்ளை நித்திரை முழிச்சு முழிச்சு எப்பிடி வாடிப்போனாள்," என்று மாப்பிள்ளையின் தமக்கை அவளுக்கு நல்லெண்ணெயில் முட்டை பொரித்துக் கொடுத்தாள். என்னிடம் தூரத்தில் நின்று சுகம் கேட்டாள். அடுத்த நாள் காலை என் சட்டி நிலத்தில் இருந்தது. யன்னலோர அடுப்பைக் காட்டி, "அக்கா, அது உங்களுக்கு," என்றார்கள்.

அந்த மாரிகாலக் குளிர் முழுவதும் அதில் சமைத்தேன். எட்டாவது வரிக்காரி மற்ற ஐந்து அடுப்புகளில் ஒன்றில் சமைத்தாள். என்னைக் கண்டால் தலையைக் குனிவாள். ஒருநாள் மாப்பிள்ளையின் தமக்கையே நிலவறைக்கு வந்து, "உங்களுக்கு முதலில என்ன மாதிரி இருந்தது, அக்கா?" என்று இரகசியமாகக் கேட்டாள். ஒன்றும் இருக்கவில்லை, பார்த்ததால்தான் தெரிந்தது என்றேன். அது உண்மை, வயிறுதான் வேறு. அவள் அடுத்த புதன்கிழமைக்கு வருவதாகச் சொன்னாள். அக்காவே தப்பிவிட்டாவே என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள். மூன்று மாதம் உண்மையைச் சொன்னபோது வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பெயர்களை எழுதிக்கொண்டேன். இந்த முறை கொப்பியில். கொப்பி என் சட்டைப் பையில் இருந்தது.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. நாலாம் நாள் மத்தியானம் நான் பருப்பு அவித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரிக்காரி தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினியைக் குறுக்கே கடந்து வந்து, என் அடுப்புக்கு முன்னால் நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, உங்கட பருப்பு அவிஞ்சிட்டுதே? இறக்கினால் நான் வைப்பன்."

ஆறு மாதம் எடுத்தது இவளுக்கு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுவதும் போகவில்லை. பருப்பை இறக்கிவைத்தேன்.