எல்லாரும் பேசும் வகுப்பு

அட்டைப்பெட்டியை வெட்டிக் கிளி செய்துகொண்டிருக்கிறாள் பொம்மை டீச்சர். பழைய காலுறையில் ஏற்கெனவே ஒரு முயல் தயார். விடுதி அறையில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் காகிதக் குப்பை. விரலில் காய்ந்த பசையைப் பிய்த்துக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். பொம்மை டீச்சர் என்பது ஆசிரியப் பயிற்சிக்கு வந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நல்ல இங்கிலீஷ் வகுப்பு எது என்று கேட்டால் இந்தப் பயிற்சிக்காரிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அறைத்தோழிக்குப் பிள்ளைகள் சிரித்தால் போதும். எதிரறைக்காரிக்குத் தாய்மொழி ஒரு சொல்கூட எட்டிப்பார்க்கக் கூடாது. பொம்மை டீச்சர் இரண்டுக்கும் மசியமாட்டாள். "ஒரு புள்ளகூட வாய மூடிட்டு உக்காந்திருக்கக் கூடாதுடி. தப்பாப் பேசட்டும், பரவால்ல. பேசணும்."

பயிற்சிக்குப் போகும் பள்ளியில் முயலைக் கையில் மாட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கெஞ்சுவாள். எல்லாப் பிள்ளைகளும் பேசிவிடும், கடைசி பெஞ்சுச் சிறுமியைத் தவிர. தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட அவள் விரலால்தான் கேட்பாள். போன வருஷம் வேறொரு பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை வாயே திறக்காமல் நின்றதில்தான் பொம்மை டீச்சர் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். அவள் அப்பாவுக்குப் பூசி மெழுகத் தெரியாது. "இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும். கடைக்கு வந்து உக்காரு."

அதனால் மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று அந்தச் சிறுமியை நூலகத்துக்கு அனுப்பினாள். "கண்ணு, நீ அங்க போய்ப் படம் போட்ட புக்கு பாத்துட்டு இரு." வகுப்பு ஓகோவென்று நடந்தது. பாராட்டும் வந்தது. விடுதிக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, தலைவலி என்றாள். தலைவலியாவது மண்ணாவது, வெட்கம்.

இறுதித் தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்று அந்தச் சிறுமியை என்ன சொல்லி அனுப்புவது என்று வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி வந்தாள் பொம்மை டீச்சர். அதற்குத் தேவையே இருக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு சிறுமியே வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நிறுத்தி நிறுத்தி, தெளிவாகக் கேட்டாள்.

"மே ஐ கோ அவுட், டீச்சர்?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பாள். இன்றோ நடைக்கோடியில் தேர்வாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. பொம்மை டீச்சர் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.