இப்பத்தான் எடுத்தது

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பெரிய டாக்டர் அப்போது ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கியிருந்தார். பெருங்குடலில் அழற்சி வந்து, இரத்தமும் சளியுமாக மலம் போகிறவர்களை மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாகக் கண்டறியக் கண்டறிய ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பிறகு வருடக்கணக்காக அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். யாருக்குத் தணிகிறது, யாருக்குத் திரும்ப வருகிறது என்று நம் பக்கத்து மக்களை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை.

பதிவேடு என் பொறுப்பு. கட்டங்களை ஸ்கேல் வைத்து நானே போட்டேன். அதில் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. இதே தொல்லை அமீபாவாலும் வரும். அது அமீபா என்றால் மருந்து வேறு, சீக்கிரம் குணமாகிவிடும், பதிவேட்டில் இடம் கிடையாது. அமீபா இல்லை என்று நான் எழுதினால்தான் டாக்டர் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு தருவார். அமீபா இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகி உயிரே போகலாம். மலத்தை எடுத்த அரை மணி நேரத்துக்குள், சூடு ஆறுமுன் பார்த்தால்தான் அமீபா அசைவது தெரியும். அதனால் ஒவ்வொருவரிடமும் எப்போது எடுத்தது என்று கேட்பேன். எல்லாரும் “இப்பத்தான்” என்பார்கள். நான் ‘புதியது’ என்று டிக் போடுவேன்.

ஒருநாள் எழுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கணவரோடு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், எலும்பும் தோலுமாக இருந்தார். டப்பாவை நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு, “இப்பத்தான்” என்றார். பார்த்தேன், அசைவு எதுவும் இல்லை. ‘அமீபா இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து, பெஞ்சில் மகனின் இரத்தப் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரிப்பது காதில் விழுந்தது. “இப்ப டப்பா குடுத்துட்டுப் போனாளே, அவ எங்கூருக்காரிதேன். இங்க வந்தா எடுத்திருப்பா அவ? விடியமுன்னமே எடுத்து மஞ்சப்பையில போட்டுக்கிட்டு மொத பஸ்ஸுல எம்பக்கத்துலதேன் உக்காந்து வந்தா. உசிலம்பட்டி தாண்டுற வரைக்கும் மூக்கப் பொத்திக்கிட்டே வந்தேன்!”

நான் பார்த்தது நாலு மணி நேரத்துக்கு முந்தியது. இருந்த அமீபாவும் செத்திருக்கும்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் கால் நேராக டாக்டர் அறைக்குத்தான் போனது. அவர் கேட்டுவிட்டு, “பதிவேட்டுல இப்படி எத்தனை பேரும்மா?” என்றார். “தெரியல சார்” என்றேன். அதைச் சொல்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. “அத அப்புறம் பாப்போம். முதல்ல அந்த அம்மா” என்றார் அவர்.

ஊரில் போன் கிடையாது. மைக்ராஸ்கோப்பை மரப்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்: மாத்திரையை நிறுத்தணும். சூடாக மாதிரி வாங்கணும். வெயில் இறங்குமுன் பார்க்கணும். மைக்ராஸ்கோப்புக்குக் கண்ணாடி வழியாக வெளிச்சம் கொடுக்க வெயிலை விட்டால் அங்கே வேறு வழி இல்லை.

விசாரித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கணவர் கையில் தண்ணீரும் மாத்திரையும். “போடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின.

தப்பு என்னுடையது, மறுபடி பார்க்கணும் என்றேன். “என்னம்மா இது, காலையில ஒண்ணு சொல்றீக, மத்தியானம் ஒண்ணு சொல்றீக” என்று கணவர் அலுத்துக்கொண்டார். நான் அந்தப் பெண்ணிடம் “ஏன் இப்பத்தான்னு சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்புட்டு ஆம்பளைக உக்காந்திருக்காக. கக்கூஸுக் கதவுல தாழ்ப்பா இல்ல. ஒரு கையில கதவப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையில டப்பாவ வச்சுக்கிட்டு... நீங்க போவீகளா?”

எங்களுக்குத் தனிக் கழிவறை. பூட்டு, சாவி எல்லாம் உண்டு. நோயாளிகளின் கழிவறைக் கதவை நான் தினமும் கடந்து போயிருக்கிறேன். ஒருநாளும் தள்ளிப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகும். மாதிரிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் கவிழ்த்த உரலின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, கண்ணாடியை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பினேன். உப்புநீரில் ஒரு துளி. முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஸ்லைடில் மெதுவாக விரல் போல ஒன்று நீண்டது. உடம்பு அதன் பின்னால் வழிந்து போனது. அதன் வயிற்றுக்குள் அது தின்ற சிவப்பணுக்கள். அமீபாவேதான்.

அந்தப் பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இம்புட்டூண்டு சனியனா என்னய இந்தப் பாடு படுத்துச்சு?” என்றார். அவர் கணவர் சிரித்துவிட்டார்.

வேறு மாத்திரையில் ஒரு மாதத்துக்குள் அவர் தேறிவிட்டார். பதிவேட்டில் அவர் பெயரை டாக்டர் சிவப்புப் பென்சிலால் அடித்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து நான் போட்ட ‘புதியது’ டிக்குகள் எல்லாவற்றையும் அடித்தார். அதற்கடுத்த மாதங்களில் அத்தனை பேரையும் வீடு தேடிப் போய், மறுபடி பார்த்தேன். இன்னும் சிலருக்கு அமீபாதான் இருந்தது. நல்லவேளையாக யாரையும் இழக்கவில்லை. ஆய்வு புதிய நோட்டில் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது.

எழுமலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையே தச்சரை அழைத்து வந்து, கூடவே நின்று அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தேன். இன்றைக்கும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மைக்ராஸ்கோப்பை அல்ல. நோயாளிகளின் கழிவறைக்குள் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான், அங்கே எழுதியிருக்கும் எந்தக் கணக்கையும் நம்ப எனக்கு மனம் வருகிறது.