மாமனார் மாட்டிய ஹெட்போன்

பெங்களூரு பயணத்தின் கடைசி நாளில் இசை அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. எனக்கும் மாமனாருக்கும் அதில் பெரிய ஆர்வமில்லை. ஆனால் அவளை மறுத்துப் பேசி இருவருக்கும் பழக்கமில்லை.

மாமனார் ஆரணியில் பட்டு நெய்பவர். தறியில் அவசர வேலை இருந்ததால் மாமியார் ஊரிலேயே தங்கிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமனார் என்னிடம் பேசியதெல்லாம் "வாங்க மாப்ள", "சாப்ட்டீங்களா மாப்ள" என்பவைதான். நானும் "ஆச்சு மாமா" என்று சமாளித்துவந்தேன். அவர்கள் வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை. அதனால் பெங்களூரில் சைவ ஓட்டலாகத் தேடித் தேடி அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். கபாப் கடைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். பொறுப்பான மாப்பிள்ளை என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்திருந்தது.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வாத்தியத்தின் முன்னும் ஒரு ஹெட்போன் தொங்கியது. ஏராளமான தந்திகள் கட்டிய ஒரு பெட்டி வாத்தியத்தின் முன் மாமனார் நின்றுவிட்டார். தறியைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்து, ஓர் இழை தொய்ந்திருக்கிறது என்று மகளிடம் குறை சொன்னார். அவள் ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டாள்.

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் ரகசியம் சொன்னார்.

"மாப்ள தங்கமான மனுசன்தாம்மா. ஆனா வந்ததுலேர்ந்து இட்லியே வாங்கிக் குடுத்துகினு இருக்காரு. பஸ் ஏர்றதுக்குள்ள ஒரு பிரியாணி வாங்கித் தருவாரான்னு நைசா கேட்டுப் பாரு."

கூடமே திரும்பிப் பார்த்தது. மிருதங்கத்தின் முன் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. மனைவி ஹெட்போனைக் கழற்றியதும்தான் அந்த இடத்தின் அமைதி அவருக்குக் கேட்டது.

"சத்தமா சொல்ட்டனா?" என்றார்.

நான் எதிரிலிருந்த நாகஸ்வரத்தை உன்னிப்பாகப் பார்த்தேன். வெட்கத்தைவிட, விட்டுவிட்டு வந்த கபாப்களை நினைத்து வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

வெளியே வந்ததும் விஷயம் தெரிந்தது. வேண்டுதலுக்காகக் கவுச்சியை விட்டது மாமியார் மட்டும்தான். மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடையில் பிரியாணி சாப்பிட்டு வருவாராம். மாமியார் வைக்கிற சாம்பாரை நான் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, சுத்த சைவம் நான்தான் என்று நினைத்து, எனக்காக அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றாள் மனைவி. நல்ல கடை எங்கே என்று யாரைக் கேட்பது என யோசிப்பதற்குள், பின்னாலேயே வந்த அந்தத் தமிழ்க் குடும்பத்துக்காரர் வழி சொல்லிவிட்டுப் போனார்.

மட்டன் பிரியாணி வந்தது. அரிசி நீளமாக இருக்கிறதே தவிர நம்மூர்ச் சீரகச் சம்பா வாசனை இல்லை என்றார் மாமனார். அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவது பிளேட்டுக்குக் கை காட்டினார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போனில் மாமியார் வீடியோ காலில் வந்தார். மாமனார் எலும்பும் கையுமாக உறைந்துபோனார். நான் போனை வாங்கி வெங்காயப் பச்சடிக் கிண்ணத்துக்கு நேராகப் பிடித்து, தயிர் சாதம் சாப்பிடுகிறோம் என்றேன்.

மாமியார் கொஞ்ச நேரம் பச்சடியையே பார்த்தார்.

"சரிங்க மாப்ள. முடிச்சதும் அவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க. ஞாயித்துக்கெழம நூல் பாத்துட்டு வந்தாலே நெஞ்சு கரிக்குதுன்னு பேஜார் பண்ணுவாரு."

போனை வைத்ததும் மாமனார் எலும்பை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மாவுக்கு இத்தனை வருடமாகவா தெரியும் என்று மகளைக் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சோடாவுக்குச் சொன்னாள். அவர் மறுபடி எலும்பை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மகளை முன் இருக்கைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரணியில் எந்தக் கடையில் எந்த நேரத்துக்குப் போனால் பிரியாணி அண்டாவின் அடிக்கறி கிடைக்கும் என்று தொடங்கியவர், வேலூர் வரை நிறுத்தவில்லை. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வேலூரில் பஸ் மாறும்போது தப்பிக்கலாம் என்று பின்தங்கினேன். அவர் எனக்கு முன்னால் ஏறி, பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.