எரிமலைக் கல்லும் கோப்பாய்த் தண்ணியும்

கல்லின்ரை வயது என்ன, பிறப்பு என்ன, உள்ளுக்கை என்ன கலந்திருக்கு எண்டு துருவிறதுதான் எங்கடை தொழில். கலியாணத் தரகர்மாரும் இதைத்தான் செய்யினம், ஆனால் அவையளின்ரை கையிலை சாதகமாவது இருக்கும். கல்லோடை மாரடிக்கிற ஆக்களே, உங்களுக்கு விளங்கும்.

யப்பான் சாமான்

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை, அம்மாவுக்குச் சுகமில்லையெண்டு யப்பானிலை செய்த ஆராய்ச்சியை இடையிலை விட்டிட்டுக் கோப்பாய்க்கு ஓடிவந்தன். வேலையையும் பெட்டியிலை கொண்டுவந்தன். கடலடித் தட்டு ஒண்டு மற்றதுக்குக் கீழை நுழைய, மேலை வில்லு மாதிரி வரிசையா எழும்பின பழைய எரிமலைத் தீவுகளின்ரை கல். கடலடி மண் அந்த நெருப்புக்குள்ளை எவ்வளவு கலந்தது எண்டு, கல்லிலை இருக்கிற ஸ்ரொன்சியம் எண்ட தனிமத்தின்ரை பாரம் கூடின அணுவையும் குறைஞ்ச அணுவையும் ஒப்பிட்டால் தெரியும். உடைச்சு, கழுவி, அளக்க யப்பானுக்கு அனுப்பவேணும். வேறை கல் இல்லை. உது பழுதானால் பட்டமும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தா. "யப்பானுக்குப் போனவை ரேடியோ கொண்டு வருவினம். நீ கல்லோ பிள்ளை கொண்டந்தனி?"

தண்ணிக் கோவம்

சண்டைக் காலம்; கரண்டும் இல்லை, காய்ச்சி வடிச்ச தண்ணியும் இல்லை. கல்லைக் கழுவ எண்டு அக்கா தன்ரை கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்தா. வேண்டாம் எண்டிட்டன். எங்கடை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல். அதுக்குள்ளாலை வாற தண்ணியிலை ஸ்ரொன்சியம் தாராளம். அதிலை கழுவினால் எரிமலைக்குள்ளை கோப்பாயும் கலந்திடும். மழைத் தண்ணி பிடிக்க முற்றத்திலை பெரிய பேசின் ஒண்டை வைச்சன்.

ஒரு வீட்டுத் தண்ணியை வேண்டாம் எண்டால், அந்த வீட்டாரைக் குறைவா நினைக்கிறன் எண்டுதான் எங்கடை ஊரிலை அர்த்தம். அது அந்த நேரம் என்ரை மரமண்டைக்கு ஏறேல்லை. அக்கா வேலியடிக்கு வாறதை விட்டிட்டா. எனக்குச் சரியான கவலை. ஓடிப்போய் அவவின்ரை அடுப்படியிலை ஒரு செம்புத் தண்ணியை நிண்ட நிலையிலை குடிச்சன்.

அவ சிரிக்கேல்லை. "நீ குடிப்பாய். உன்ரை கல்லுக்குத்தான் ஆகாதாக்கும்."

சமாதானம்

மழை பெய்தது. கல்லைக் கழுவி வெள்ளைச் சீலையிலை காயப் போட்டிட்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். திரும்பி வர, வாசல் படலையடியிலை அக்கா வாயெல்லாம் பல்லா நிக்கிறா. கல்லிலை காகம் எச்சம் போட்டிட்டுதாம்; தன்ரை கிணத்துத் தண்ணியிலை ரெண்டு தரம் கழுவி வைச்சிட்டாவாம்.

தலையிலை இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னெண்டு சொல்லுறது? "நல்லதக்கா" எண்டன்.

அடுத்த நாள் ஒவ்வொரு கட்டியின்ரையும் மேல்தோலை உளியாலை தட்டி எறிஞ்சு, தண்ணி படாத நடுவை மட்டும் எடுத்தன். பாதிக்கு மேலை போச்சு. மிஞ்சினது காணும், அளக்கப் போதும் எண்டு யப்பானிலையிருந்து பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கேல்லை; கடைசியிலை அந்த மிச்சம்தான் பட்டத்தைக் காப்பாற்றினது. ஆனால் அண்டைக்கு நான் தட்டிக்கொண்டிருக்க, அக்கா பக்கத்திலை வந்து குந்தியிருந்து பார்த்தா. "ஏன் பிள்ளை, நான் கழுவினது காணாதோ?"

எரிமலைக் கல்லை ஒரு மாதிரிச் சமாளிச்சுப் போடலாம், அன்பாக் கழுவித் தாற அயலைச் சமாளிக்க எந்தப் பட்டமும் காணாது.