என் பெயர் மட்டும் நின்ற படம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் மாத்தளையில் என் அச்சகத்துக்கு நிகர் கிடையாது. தலைமுறைகளாக இலங்கையில் தேயிலை நட்டவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய அநியாயத்தை எதிர்த்து, மரக்கட்டையில் செதுக்கி ஒரு படம் அச்சிட்டோம். வரைந்தவள் தோட்டத்து முத்தம்மா. செதுக்கியவர் சிங்களத் தச்சர் பண்டா. மை பூசியவர் காசிம் நானா. அடியில் மூவர் பெயரும் வருவதாகப் பேச்சு. கடைசியில் நான்தான் பயந்தேன்.

"முத்தம்மா பேரு வேணாம். பிரஜாவுரிமை இல்லாத ஆளு, பொலிஸ் கரைச்சல் வரும்."

"வெரட்டாதீங்கன்னு நான் வரைஞ்ச படத்துலயே என்னை வெரட்டுறீங்களே, மொதலாளி!"

"அப்ப எங்கட பேரும் வேணாம்" என்றார் காசிம் நானா. முத்தம்மா பெயர் இன்னும் கட்டையில் ஏறவில்லை; ஏறியிருந்த தன் பெயரையும் நானா பெயரையும் பண்டா உளியெடுத்துச் செதுக்கி எறிந்தார்.

ஊரெங்கும் ஒட்டிய அந்தப் படத்தில், சட்டப்படி போட்டாக வேண்டிய அச்சிட்டவன் என்று என் பெயர் மட்டுமே நின்றது. அதைப் படிக்க எனக்கு இன்றும் கூசுகிறது.