ஓட்டில் வரைந்த படம்

1930களில் கோட்டாற்றில் நான் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைச் சித்திர வகுப்பு எடுத்தேன். கூரை ஓடு ஏற்றும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மகளோடு வாரந்தோறும் வருவார். மெலிந்து கறுத்தவர். கையிலிருக்கும் செம்மண்ணைத் துண்டில் துடைத்த பிறகே மேசையை நெருங்குவார். உடைந்த ஓட்டில் அவள் கரியால் வரைந்ததை நீட்டுவார். நுகத்தடியில் கழுத்தைச் சாய்த்த காளை. எனக்கே அப்படி வராது.

"இண்ணைக்காவது பிள்ளைய சேப்பியளா சாரே?"

"பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளையளதான் சேக்கணும்னு வகுப்பு நடத்துற கமிட்டி சொல்லுது. நான் என்ன செய்ய?"

"வண்டியில எங்கூட அலையுத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது சாரே?"

கையை விரித்தேன். ஒவ்வொரு வாரமும் விரித்தேன்.

கடைசியாக வந்த அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. ஓர் ஓட்டை மேசையில் வைத்துவிட்டு மகளோடு போய்விட்டார். அதில் நான் இரு கைகளையும் விரித்து நின்றேன்.

திருத்த ஒரு கோடுகூட இல்லை.